வீட்டில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு: நாம் கவனிக்கத் தவறுவது எங்கே?

"அவங்க சுபாவமே அப்படித்தான்." எதையாவது நினைத்து ஓயாமல் கவலைப்பட வைக்கும் பொதுப் பதற்றக் கோளாறு பல வீடுகளில் வருஷக்கணக்காகக் கண்ணில் படாமல் போவதற்கு இந்த ஒரு பேச்சு போதும்.

அதைவிடப் பெரிய தவறு, வரும் கவலைக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது. மகன் ஊருக்குக் கிளம்பியதிலிருந்து அம்மா நாலு முறை போன் செய்துவிட்டார். வந்து சேர்ந்துவிட்டேன் என்கிறான். சரி, நிம்மதியாக இருப்பார் என்று பார்த்தால், கேஸை மூடினோமா என்று எழுந்து போகிறார். அப்புறம் மகளின் பிரசவம், அடுத்த மாத வாடகை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான கவலைதான். அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒன்று தீர்ந்ததும் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காருகிறதா, நிறுத்த நினைத்தாலும் அவரால் முடியவில்லையா என்று பாருங்கள். ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்கள் இப்படியே போனால் அது சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது.

கவலையை வாய்விட்டுச் சொல்லாதவர்களும் உண்டு. தூக்கம் கெடும், கழுத்தும் தோளும் இறுகி வலிக்கும், வேலை செய்யாமலே களைப்பு வரும். அப்பா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால் 'கோபக்காரர்' என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த எரிச்சலும் ஓர் அறிகுறி. அதற்காக எல்லாமே மனசுதான் என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம் வரும். ரத்தப் பரிசோதனை அவசியம்.

"தைரியமா இரு", "ஒண்ணும் ஆகாது" என்பவை சிறிது நேரம்தான் தாங்கும். மறுபடி அதே கேள்வி வரும். அதற்குப் பதிலாக, "எத்தனை நாளாம்மா சரியாத் தூங்கலை?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடும். மனநல மருத்துவர் தரும் மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகலாம், பாதியில் நிறுத்தக் கூடாது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்னும் பேச்சு சிகிச்சையும் நன்றாக உதவுகிறது.

எங்கே போவதென்று தெரியவில்லையா? இந்தியாவில் அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மனஸ் உண்டு; 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.