கட்டுநாயக்கவிலிருந்து லண்டன்: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. சைன், கோசைன் உள்ள கணிப்பான் இருந்தால் நாமே கணக்கிடலாம். போனில் உள்ளதே போதும்.

படி 1: கூகுள் வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். வரும் இரண்டு எண்களில் முதலாவது அகலாங்கு, மற்றது நெட்டாங்கு. கட்டுநாயக்க 7.18, 79.88. ஹீத்ரோ 51.47, −0.45. மேற்கு நெட்டாங்குக்குக் கழித்தல் குறி கட்டாயம். ரொறன்ரோவின் −79.63இல் அந்தக் குறியை விட்டுப் பாருங்கள்: 14,000 கிலோமீற்றர் தூரம் 4,000 ஆகிவிடும்! இன்னொரு வழமையான பிழை, 7 பாகை 11 கலையை 7.11 என்று எழுதுவது. 11ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 7.18 என்பதே சரி.

படி 2: கணிப்பான் பாகையில் இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 அடித்தால் 0.5 வரவேண்டும், −0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது, மாற்றிவிடுங்கள். நெட்டாங்கு வித்தியாசம் 79.88 − (−0.45) = 80.33. இனி,

சைன் 7.18 × சைன் 51.47 = 0.0978
கோசைன் 7.18 × கோசைன் 51.47 × கோசைன் 80.33 = 0.1038

கூட்டினால் 0.2016. இதன் நேர்மாறு கோசைன் 78.37 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை 111.2 கிலோமீற்றர், பெருக்கினால் சுமார் 8,715 கிலோமீற்றர்.

தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் இது வராது. பூகோள உருண்டையில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ரஷ்யாவின் வடக்கே ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிப் போகும். உருண்டையில் அதுதான் குறுக்குவழி.

படி 3: பெரிய ஜெட்டுக்கு மணிக்கு 850 கிலோமீற்றர் வையுங்கள். 8,715ஐ வகுத்தால் 10 மணித்தியாலம் 15 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும், ஏறி இறங்கவும் அரை மணித்தியாலம் சேருங்கள்: 10.45. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் லண்டன் போகும்போது 11 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகும், திரும்பி வரும்போது குறையும். போர் நடக்கும் வான்பரப்பைச் சுற்றிப் போனால் இன்னும் கூடும்.

பலாலி–சென்னைக்கு இந்த 850 பொருந்தாது. நெட்டாங்கு ஏறத்தாழ ஒன்றே என்பதால் அகலாங்கு வித்தியாசம் 3.2ஐ 111.2ஆல் பெருக்கினாலே போதும்: 356 கிலோமீற்றர். அங்கு பறப்பது ஏ.டி.ஆர். 72, விசிறி விமானம். மணிக்கு 500 வைத்தால், அரை மணித்தியாலமும் சேர்த்து, சுமார் 75 நிமிடம்.

படி 4: பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்கவில் புறப்பட்டு 11 மணித்தியாலம் பறந்தால் நம் நேரம் நள்ளிரவு 12. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னே, ஆகவே அங்கே மாலை 6.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரைதான், அப்போது 7.30. கூட்டிக்கொண்டு போக வருபவருக்கு எந்த நேரம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். விமானம் புறப்பட மூன்று மணித்தியாலம் முன்பே அங்கே நிற்க வேண்டும். பகல் 1 மணி விமானமென்றால் முதல் நாள் இரவு பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள்.