வங்காளத்து பூஜைக் கிச்சுரி: முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு விளக்கம்

துர்கா பூஜை நாட்களில் கொல்கத்தாவில் பந்தலுக்குப் பந்தல் மதியச் சாப்பாடு நடக்கும். குறிப்பாக அஷ்டமி அன்று, ஜனங்கள் வரிசையாக இலைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பகுதிப் பையன்கள் வாளியில் கிச்சுரியை, அதாவது அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதத்தை, கொண்டுவந்து கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போவார்கள். அதில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, சீரகம், நாலு காய்கறி, நெய், அவ்வளவுதான். ஆனால் வாளி இரண்டு வரிசை தள்ளி வரும்போதே வாசனை வந்துவிடும்.

நம்மில் பலர் இதை வீட்டில் செய்ய ஆசைப்பட்டு, எல்லாவற்றையும் குக்கரில் கொட்டி மூன்று விசில் விட்டுவிடுகிறோம். அப்படிச் செய்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு பொங்கல் கிடைக்கும், சாப்பிடலாம், மோசமில்லை, ஆனால் கிச்சுரி வராது. கிச்சுரியின் ருசி தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. பருப்பை எப்படி வறுத்தீர்கள், மசாலாவை எவ்வளவு நேரம் வதக்கினீர்கள், இந்த இரண்டும்தான் விஷயம். அதனால் இந்தப் பதிவில் அந்த இரண்டு இடங்களில் மட்டும் நிறையப் பேசப்போகிறேன், மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

முதலில் அரிசி

வங்காளத்தில் பல வீடுகளில் தினசரி மீன் குழம்புக்கும் பருப்புக்கும் வடிப்பது புழுங்கல் அரிசிதான். பூஜைப் படையலுக்கு மட்டும் பச்சரிசி. அதிலும் கிச்சுரிக்கும் பாயேஷுக்கும், அதாவது அவர்களுடைய பால் பாயசத்துக்கும், முதல் தேர்வு கோபிந்தோபோக். பர்தமான் பக்கம் விளைகிற, குட்டையான, வாசனையான அரிசி. 2017ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெந்தால் கொஞ்சம் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்தக் குழைவுதான் கிச்சுரிக்கு வேண்டும்.

இணையக் கடைகளில் கோபிந்தோபோக் கிடைக்கிறது. கிடைக்கவில்லையா, சீரகச் சம்பா போதும். அதுவும் குட்டை, அதுவும் வாசனை, கோபிந்தோபோக் அளவுக்குக் குழையாது என்பதால் ஐந்து நிமிடம் கூடுதலாக வேகவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பங்களாதேஷ் கடைகள் இருக்கிற ஊரில் இருப்பவர்கள் சினிகுரா அல்லது காலிஜீரா என்று கேட்டு வாங்கலாம், இரண்டுமே நன்றாக வரும். பாஸ்மதியை மட்டும் தொடாதீர்கள். அது பருக்கை பருக்கையாகத் தனித்து நிற்கும் அரிசி, இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

தேவையானவை (4 அல்லது 5 பேருக்கு)

அரிசி 1 கப், பாசிப்பருப்பு 1 கப். கப் என்பது சுமார் 200 கிராம் பிடிக்கிற கப். அரிசியும் பருப்பும் சம அளவு என்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம், பருப்பு தாராளமாக இருந்தால்தான் இது கிச்சுரி.

காய்க்கு: நடுத்தர உருளைக்கிழங்கு 3, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டுங்கள், சின்னதாக வெட்டினால் கரைந்துபோகும். சின்ன காலிஃபிளவரில் பாதி, பெரிய பெரிய பூவாக. பச்சைப் பட்டாணி அரை கப். தக்காளி 1. பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் 2 மேசைக்கரண்டி. காலிஃபிளவரும் பட்டாணியும் குளிர்காலத்துக் காய்கள், ஜனவரி பிப்ரவரியில் வரும் சரஸ்வதி பூஜைக் கிச்சுரியில் இரண்டும் நல்ல ருசியோடு விழும். வேறு மாதத்தில் செய்கிறீர்கள் என்றால் பீன்ஸ், கேரட் என்று இருப்பதைப் போடுங்கள்.

அரைக்க: இஞ்சி 2 அங்குலத் துண்டு, சீரகம் ஒன்றரை தேக்கரண்டி.

தாளிக்க: பிரிஞ்சி இலை 2, காய்ந்த மிளகாய் 2, சீரகம் அரை தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் 3, கிராம்பு 4.

மற்றவை: மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் 4, சர்க்கரை 2 தேக்கரண்டி, உப்பு, கடுகு எண்ணெய் 5 மேசைக்கரண்டி, நெய் 2 மேசைக்கரண்டி. கடைசியில் தூவுவதற்கு பட்டை, ஏலக்காய், கிராம்பு மூன்றையும் வறுத்துப் பொடித்த தூள் அரை தேக்கரண்டி. வங்காள வீட்டு கரம் மசாலா பெரும்பாலும் இந்த மூன்று மட்டும்தான். கடையில் விற்கிற கரம் மசாலாவில் மல்லி, சோம்பு எல்லாம் சேர்ந்திருக்கும், அதைப் போட்டால் குருமா வாசனை வந்துவிடும்.

தண்ணீர் மொத்தம் 7 முதல் 8 கப். பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கட்டும்.

1. அரிசியைக் கழுவி வடிகட்டுங்கள்

மெதுவாக இரண்டு மூன்று தடவை கழுவி, வடிகட்டியில் போட்டு அப்படியே வைத்துவிடுங்கள். நாம் மற்ற வேலைகளை முடிப்பதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். ஊறவைக்கத் தேவையில்லை.

2. பருப்பை வறுப்பது

அடிகனமான வாணலி, எண்ணெய் இல்லை, நெய் இல்லை, மிதமான தீக்கும் கொஞ்சம் கீழே. பருப்பைக் கழுவாமல் போடுங்கள். முன்னாலேயே கழுவிவிட்டால் அந்த ஈரம் போகவே நேரமாகும், அதற்குள் சில பருப்பு கருகும், சில பருப்பு வெந்தது மாதிரி ஆகும். கழுவுவதை வறுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தீயைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். கையை நிறுத்தாமல் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருங்கள். நிறம் மாறுவதற்கு முன்னால் வாசனைதான் மாறும்: பச்சைப் பருப்பின் மாவு வாசனை போய், கடலை வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை கிளம்பும். அதற்கப்புறம்தான் மஞ்சள் நிறம் மெல்ல ஆழ்ந்து வரும். எல்லாப் பருப்பும் ஒரே நிறத்துக்கு வராது, சிலது வெளிர் மஞ்சளாகவே இருக்கும், சிலது பழுப்பேறியிருக்கும், நடுவில் இருப்பவை நல்ல பொன்னிறம். கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் இந்த மூன்று நிறமும் கலந்து தெரிய வேண்டும், அதுதான் பதம். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும்.

அடுப்பை அணைத்தவுடன் வேறு தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியின் சூட்டிலேயே அது இன்னும் கருகும். ஆறியதும் ஒரே ஒரு தடவை அலசி, தண்ணீரை வடித்து வையுங்கள்.

வெண்பொங்கலுக்கு நாமும் பாசிப்பருப்பை வறுப்பதுண்டு, ஆனால் அது லேசாகச் சூடு காட்டுவதோடு சரி. இங்கே அதைத் தாண்டி நன்றாகப் போக வேண்டும். இப்படி வறுத்த பருப்பு வெந்த பிறகும் முழுக்கக் கரையாது, குழம்பின் நடுவே அரைப் பருப்பாகத் தட்டுப்படும், வாசனையும் கடைசிவரை நிற்கும்.

3. காய்களைப் பொரித்தெடுப்பது

கிச்சுரி வைக்கப்போகும் அதே பெரிய பாத்திரத்தில் கடுகு எண்ணெயை ஊற்றுங்கள். கடுகு எண்ணெய் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம்: அதை லேசாகப் புகை வரும் வரை காய்ச்ச வேண்டும். நிறம் கொஞ்சம் வெளுக்கும், மூக்கில் ஏறுகிற காரம் அடங்கும். அப்புறம் தீயைக் குறைத்துவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். காய்ச்சாமல் சமைத்தால் கசப்பும் நெடியும் சாப்பாடு முழுக்க இருக்கும், பலர் கடுகு எண்ணெயே பிடிக்காது என்று ஒதுக்குவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உருளைக்கிழங்கில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் உப்பும் தடவிப் போட்டு, ஓரமெல்லாம் பொன்னிறமாகும் வரை வதக்கி எடுங்கள். காலிஃபிளவரையும் அப்படியே. தேங்காய்ப் பல்லை ஒரு நிமிடம் வறுத்து எடுங்கள். எதுவும் முழுதாக வேக வேண்டாம், வெளிப்பக்கம் மட்டும் சிவந்தால் போதும்.

4. தாளிப்பும் மசாலாவும்

மிச்ச எண்ணெயில் ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்து, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய், பட்டை, ஏலக்காய், கிராம்பு, சீரகம் எல்லாம் போடுங்கள். சீரகம் பொரிந்ததும், இஞ்சியும் சீரகமும் சேர்த்து அரைத்த விழுது. கூடவே தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு.

இங்கேயும் அவசரப்படாதீர்கள். தீ மிதமாக இருக்கட்டும். விழுது அடியில் பிடிக்க ஆரம்பிக்கும்போது ஒரு கைத் தண்ணீர் தெளியுங்கள், மறுபடி வதக்குங்கள், மறுபடி பிடிக்கும், மறுபடி தெளியுங்கள். வங்காளிகள் 'கஷானோ' என்று சொல்வது இந்த வேலையைத்தான். ஆறேழு நிமிடத்தில் விழுதின் நிறம் மங்கலான மஞ்சளிலிருந்து செம்மண் நிறத்துக்கு வந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். குனிந்து முகர்ந்து பாருங்கள், இஞ்சியின் பச்சை நெடி துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

5. பருப்பு முதலில், அரிசி பிறகு

அலசி வைத்த பருப்பை மசாலாவில் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, கொதிக்கிற தண்ணீர் 6 கப் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி எழும்ப நேரமாகும், பருப்பும் ஒரே சீராக வேகாது. மூடியைப் பாதி மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்கள், உடைய வேண்டும், ஆனால் நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும்.

இப்போது அரிசி, உருளைக்கிழங்கு, உப்பு. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகவே போட்டால் என்ன என்று கேட்கலாம். கோபிந்தோபோக் சட்டென்று வெந்துவிடும். வறுத்த பருப்பு வேகும் வரை காத்திருந்தால் அரிசி கூழாகிவிடும், அதனால்தான் இந்த வரிசை.

ஏழெட்டு நிமிடம் கழித்து காலிஃபிளவர், பட்டாணி, தேங்காய், கீறிய பச்சை மிளகாய். இந்தக் கட்டத்திலிருந்து அடிப்பிடிக்கப் பார்க்கும். தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள், ஆனால் பூ உடையாமல். கெட்டியானால் கொதிக்கிற தண்ணீரை அரை அரைக் கப்பாக ஊற்றுங்கள்.

6. முடிப்பது

அரிசி நன்றாக மலர்ந்து, உருளைக்கிழங்கில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. சர்க்கரையைப் போடுங்கள். இது இனிப்புக்காக இல்லை, இஞ்சியின் காரத்தையும் உப்பையும் ஒன்றாகக் கொண்டுவருவதற்கு. வேண்டாம் என்று தோன்றினால் ஒரு தேக்கரண்டியாவது போட்டு ருசி பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

அணைக்கும்போது கிச்சுரி உங்களுக்கு வேண்டிய பதத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும். கரண்டியிலிருந்து ஊற்றினால் தட்டில் மெல்லப் பரவ வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகவே இறுகும். மிச்ச நெய்யை விட்டு, பொடித்த மசாலாவைத் தூவி, மூடிவைத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம்.

வேறு மாதிரி செய்ய வேண்டுமானால்

மழை நாளில் வங்காள வீடுகளில் கிச்சுரிதான் முதலில் நினைவுக்கு வரும், கூடவே பொரித்த இலிஷ் மீன். அன்றைக்குப் பூஜை விதி எதுவும் இல்லை என்பதால் வெங்காயம் வதக்கலாம், மைசூர் பருப்பு போடலாம். பூஜைப் படையலில் மைசூர் பருப்பைச் சேர்க்க மாட்டார்கள், அதை அசைவத்தோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பங்களாதேஷில் பிரபலமான பூனா கிச்சுரி வேறு வகை, அரிசியையும் பருப்பையும் மசாலாவில் நன்றாக வறுத்து, தண்ணீரைக் குறைத்து உதிரியாக இறக்குவார்கள். இந்தக் குழைவான கிச்சுரி கைவந்த பிறகு அதற்குப் போகலாம்.

தொட்டுக்கொள்ள

பந்தலில் லாப்ரா என்ற கலவைக் காய்கறி, தக்காளிச் சட்னி, அப்பளம் எல்லாம் கூட வரும். வீட்டில் முதல் தடவை செய்பவர்கள் பேகுனி ஒன்று போட்டால் போதும். பெரிய கத்தரிக்காயை நீளவாக்கில் கால் அங்குலத் துண்டாக நறுக்கி உப்பும் மஞ்சளும் தடவுங்கள். முக்கால் கப் கடலை மாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, அரை தேக்கரண்டி கருஞ்சீரகம், உப்பு, மிளகாய்த்தூள் கலந்து பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்து, தோய்த்துப் பொரித்தெடுங்கள். கிச்சுரி மூடியிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

மிச்சமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். கட்டியாக இறுகியிருக்கும், வெந்நீர் விட்டு உடைத்து, சிறு தீயில் நன்றாகக் கொதிக்கவிட்டு, புதிதாக ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு இறக்குங்கள்.