மாணவர் லாயத்தில் தீனி இரட்டிப்பாகாமல் இருக்க

மாணவர்கள் முறைவைத்துக் குதிரை பார்க்கும் லாயங்களில் பட்டினியைவிட இரட்டைத் தீனிதான் அதிக ஆபத்து. ஒருவர் தானியம் வைத்தது தெரியாமல் அடுத்தவரும் வைத்துவிடுவார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும்.

ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் ஒரு சிலேட்டு மாட்டுங்கள். தீனி வைத்த கையோடு நேரம், எடை, பெயர் எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது. கையில் வாளியோடு நிற்பவர் போனைப் பார்ப்பதில்லை. அளப்பதும் குவளையால் வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு குவளை மக்காச்சோளம் அதே குவளை ஓட்ஸைவிட நன்றாகவே கனம். 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைத் தானியம் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. உலர்புல் நாளுக்கு 8 முதல் 10 கிலோ.

முறை மாறும்போது இருவரும் சேர்ந்தே தண்ணீர்த் தொட்டி, நான்கு குளம்புகள், லத்தி மூன்றையும் பாருங்கள். நல்ல குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும். இரவு முழுக்க ஒரே குவியல் என்றாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தீனியை எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவருடைய எண்ணும் சிலேட்டிலேயே இருக்கட்டும்.