68,000 ஆம்பியரை 4.5 கெல்வினுக்கு இறக்குவது எப்படி: இணைவு உலைக் காந்தங்களின் மின், குளிர் இணைப்புகள்

தெற்கு பிரான்சின் கடாரஷில் கட்டப்படும் இட்டர் அணு இணைவு உலையின் வளைய வடிவக் கலத்தைச் சுற்றி நிற்கும் 18 டொராய்டல் காந்தச் சுருள்கள் ஒவ்வொன்றிலும் 68 கிலோஆம்பியர் ஓட வேண்டும். சுருள் மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையில்லாமல் கடத்துவது. அது இருப்பது 4.5 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்), மின்வழங்கி இருப்பது அறை வெப்பநிலையான 300 கெல்வினில். இடையில் மின்சாரத்தையும் ஹீலியத்தையும் கொண்டுபோகும் பாதைக்கு ஃபீடர் என்று பெயர். உலை முழுதுக்கும் இப்படி 31 ஃபீடர்கள். டொராய்டல் சுருளுக்கு ஒன்றை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் வெப்பக் கணக்கு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் செம்பு வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். தடியாகச் செய்தால் வெளி வெப்பம் இறங்கும், மெல்லியதாகச் செய்தால் அதுவே சூடாகும். ஹீலியம் ஆவியால் குளிர்விக்கும் மிகச் சிறந்த செம்பு லீட்கூட (அறை வெப்பநிலையிலிருந்து குளிர்முனைக்கு மின்சாரத்தை இறக்கும் கடத்தி), கிலோஆம்பியருக்கு ஏறத்தாழ 1 வாட்டைக் குளிர்முனைக்கு இறக்கும். 68 கிலோஆம்பியருக்கு அது 70 வாட் அளவு. 4.5 கெல்வினில் 1 வாட்டை வெளியேற்ற, குளிரூட்டும் நிலையத்தில் 250 வாட்டுக்குமேல் மின்சாரம் செலவாகும் என்பதால் இந்தக் கணக்கை லேசாக விடக்கூடாது.

எனவே லீடை இரண்டாகப் பிரியுங்கள். மேல்பகுதி செம்பு வெப்பமாற்றி. அதில் 50 கெல்வின் ஹீலியம் வாயு கீழிருந்து மேலே ஏறி, அறை வெப்பநிலையில் வெளியேறும். ஓட்டம் கிலோஆம்பியருக்கு நொடிக்குச் சுமார் 0.07 கிராம், அதாவது ஒரு லீடுக்கு 4.8 கிராம். கீழ்ப்பகுதி பிஸ்மத் 2223 உயர்வெப்ப மீக்கடத்தி நாடாக்கள். இவை 65 கெல்வினிலிருந்து 5 கெல்வின்வரை மின்தடையில்லாமல் கடத்தும். நாடாவின் வெள்ளி உறையில் சுமார் 5 சதவீதம் தங்கம் சேர்க்க வேண்டும். தூய வெள்ளி குளிரில் வெப்பத்தை அள்ளிக் கீழே கொடுத்துவிடும், தங்கம் அந்த வழியை அடைக்கிறது. இப்படிச் செய்தால் அடியில் சேரும் வெப்பம் 15 வாட் அளவில் நிற்கும்.

வாயு வால்வை நாடாவின் மேல்முனை வெப்பநிலையைப் பார்த்துத் திறக்கவும் மூடவும் செய்யுங்கள், இலக்கு 65 கெல்வின். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் ஓட்டத்தைக் குறைக்காமல் விட்டால் வெளிமுனை உறைந்து, ஈரம் படிந்து, மின்காப்பின் மேற்பரப்பில் கசிவு தொடங்கும். அதற்காகவே வெளிமுனையில் ஒரு ஹீட்டர் பொருத்த வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது ஜாயின்ட், அதாவது இரு கேபிள் முனைகளைச் சேர்க்கும் இணைப்பு. ஃபீடருக்குள் செல்வது எஃகு உறைக்குள் முறுக்கிய நியோபியம்-டைட்டானியம் கேபிள். முனையில் உறையை நீக்கி, இழைகளின் நிக்கல் பூச்சைத் தொடும் பக்கத்தில் அகற்றி, வெள்ளிப் பூச்சு கொடுத்து, செம்பு அடியுள்ள எஃகுப் பெட்டியில் வைத்து இறுக அழுத்துங்கள். நிக்கல் எஞ்சினால் தடை ஏறும். பிறகு இரு பெட்டிகளின் செம்பு முகங்களை ஈயம்-வெள்ளீயப் பற்றாசால் ஒட்டுங்கள். இவ்விரண்டின் கலவைகளில் மிகக் குறைந்த சூட்டில் உருகும் யூடெக்டிக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவாவிட்டால் உள்ளே வெற்றிடக் குமிழ்கள் தங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜாயின்ட்டின் தடைக்கு இலக்கு 2 நானோஓமுக்குள். அதிலேயே 68 கிலோஆம்பியருக்கு 9 வாட்டுக்குமேல் வெப்பம் வரும், ஏனென்றால் மின்னோட்டம் இருமடியாகக் கணக்கில் ஏறுகிறது. 2008 செப்டம்பர் 19 அன்று செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதுவியில் காந்தங்களுக்கு இடையிலான ஓர் இணைப்பு 8.7 கிலோஆம்பியரில் உடைந்தது. அதன் தடை 220 நானோஓம் அளவு என்று பின்னர் கணித்தார்கள். அங்கே எழுந்த மின்வில் (ஆர்க்) ஹீலியக் கூட்டைத் துளைத்து, சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. அதே தடை நம் ஃபீடரில் இருந்தால் ஒரே ஜாயின்ட்டில் 1,000 வாட்டைத் தாண்டும்.

இனி விசை. எதிரெதிர்த் திசையில் 68 கிலோஆம்பியர் ஓடும் இரு பஸ்பார்கள் (ஃபீடருக்குள் செல்லும் அந்தக் கேபிள்கள்) 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், மீட்டருக்கு 4,600 நியூட்டன் விசையோடு ஒன்றையொன்று தள்ளும். ஆகவே தாங்கிகள் நெருக்கமாக வேண்டும். ஆனால் எஃகு 300-லிருந்து 4 கெல்வினுக்குப் போகும்போது 10 மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் சுருங்கும். இரு முனையிலும் இறுக்கிப் பிடித்தால் ஜாயின்ட்தான் இழுபடும். எஸ் வடிவ வளைவு ஒன்றைக் கொடுத்து, தாங்கிகளை நீளவாக்கில் நழுவ விடுங்கள்.

மின்காப்புக்குப் பாலிஇமைடு நாடாவும் எபாக்சி ஊறிய கண்ணாடி இழையும் மாறிமாறிச் சுற்றப்படும். சுருளின் மின்னோட்டத்தை அவசரமாக வடிக்கும்போது பல கிலோவோல்ட் எழும். நல்ல வெற்றிடத்தில் தாக்குப்பிடித்த காப்பு, சிறு ஹீலியக் கசிவால் அழுத்தம் உயரும்போது பொறிவிடலாம். பொறி எழும் மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது என்று சொல்லும் பாஷென் விதிப்படி, அந்த இடைப்பட்ட அழுத்தங்களில் சில நூறு வோல்ட்டே போதும். அதனால் வெற்றிடத்தில் மட்டும் சோதித்து நிறுத்தாமல், அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே உயர்மின்னழுத்தம் கொடுத்துப் பாருங்கள். குறை பெரும்பாலும் நேர்ப்பகுதியில் இருக்காது. மின்னழுத்தத்தை அளக்கும் வோல்டேஜ் டேப் கம்பி வெளியே வரும் இடத்திலும் ஹீலியக் குழாயின் மின்காப்புத் துண்டைச் சுற்றியும் தேடுங்கள்.

மீக்கடத்தி நாடாவின் இரு முனைகளுக்கும் தனி டேப்கள் கட்டாயம். அங்கே கோளாறு மெதுவாக வளரும், சில மில்லிவோல்ட்டிலேயே பிடிக்க வேண்டும். செம்புப் பகுதியின் வழக்கமான மின்னழுத்தத்தோடு சேர்த்து அளந்தால் அந்தச் சிறு குறி மூழ்கிப்போகும்.

கடைசியாக ஜாயின்ட் அளவீடு. 68 கிலோஆம்பியரில் 2 நானோஓம் கொடுப்பது வெறும் 136 மைக்ரோவோல்ட். ஒரே அளவை நம்பினால் வெப்பமின் விளைவு (வெப்பநிலை வேறுபாட்டால் கம்பிகளில் தானே எழும் சிறு மின்னழுத்தம்) ஏமாற்றும். மின்னோட்டத்தைப் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிலைபெற விட்டு, மின்னோட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்த கோட்டின் சாய்விலிருந்து தடையைக் கணக்கிடுங்கள். ஹீலியம் உள்ளே வந்த வெப்பநிலைக்கும் வெளியே போகும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 10 கிராம் ஓட்டத்தில் 9 வாட் என்றால் வேறுபாடு 0.2 கெல்வினுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கோடு நேராக இல்லாமல் மேலே வளைந்தால் அந்த ஜாயின்ட்டைப் பிரித்து மறுபடி செய்யுங்கள்.