போஸ் எண்ணிய விதம்: வகுப்பில் ஓயாமல் திரும்பி வரும் தவறுகள்

போன வாரம் எம்.எஸ்ஸி. இயற்பியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரியான மூன்று போசான்கள் (ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் கூடக்கூடிய துகள்கள்), மூன்று நிலைகள், எத்தனை விதமாக அமரலாம் என்பது கேள்வி. ஒரு தாளில் விடை 4.5. அடுத்த தாளில் அதையே 5 ஆக்கியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவனாக இருந்தபோது நானும் அதே 4.5-இல் போய் நின்றவன்தான். நான் 4 ஆக்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டல், கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகும்.

வகுத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது

முதலில் துகள்களுக்குப் பெயர் ஒட்டி எண்ணுகிறோம். மூன்று துகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம், மொத்தம் 27. அப்புறம், 'அடடா, எல்லாம் ஒரே மாதிரித் துகள் ஆயிற்றே' என்று மூன்று ஃபேக்டோரியலால், அதாவது 6-ஆல் வகுக்கிறோம். வருவது நாலரை. அரை அமைப்பு என்று ஒன்று உண்டா? சரியான விடை 10.

மூன்றும் வெவ்வேறு நிலைகளில் இருந்தால்தான் பெயரை மாற்றி மாற்றி ஒட்ட 6 வழி உண்டு. மூன்றும் ஒரே நிலையில் இருந்தால் எப்படி ஒட்டினாலும் ஒரே அமைப்பு. அதைப் போய் ஏன் 6-ஆல் வகுக்க வேண்டும்? கூட்டமாக இருக்கும் அமைப்புகளைத்தான் இந்த வகுத்தல் தின்றுவிடுகிறது. போசான்களின் குணமே கூட்டம் சேர்வது!

இந்தப் பழக்கம் சாகாமல் இருப்பதற்குக் காரணம், பல இடங்களில் அது மாட்டிக்கொள்ளாது. 100 நிலைகளில் 2 துகள்கள் என்றால் வகுத்து வருவது 5,000, உண்மை 5,050. ஒரு சதவீதம்தான் பிசகு. அறை வெப்பநிலைக் காற்றில் நிலைகள் ஏராளம், துகள்கள் அரிது. பிசகு கண்ணுக்கே தெரியாது. எங்கே காலை வாரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

போசான்களைச் சரியாக எண்ணும் வழியைக் காட்டியவர் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ். 1924-இல் அவர் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை, ஜெர்மனில் அச்சானபோது நாலே பக்கம். எந்த ஃபோட்டான் (ஒளித்துகள்) எந்த அறையில், அதாவது எந்த நிலையில், இருக்கிறது என்று அதில் அவர் கேட்கவே இல்லை. காலி அறைகள் எத்தனை, ஒரு ஃபோட்டான் உள்ளவை எத்தனை, இரண்டு உள்ளவை எத்தனை என்று அறைகளைத்தான் எண்ணினார். சூடான பொருளின் ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று சொல்லும் பிளாங்க் விதி கையில் வந்து விழுந்தது. அதே ஃபோட்டான்களைப் பெயர் ஒட்டி எண்ணி வகுத்துப் பாருங்கள், அதற்கு முந்தைய வீன் விதிதான் வரும். நீண்ட அலைகளில் அது பொருந்தவில்லை என்று 1900-இலேயே பெர்லினில் அளந்து காட்டிவிட்டார்கள்.

4.5 என்றே விட்டவருக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். 5 ஆக்கியவருக்குப் பூஜ்யம்.

ஃபோட்டான்களின் எண்ணிக்கையை நிலையாகப் பிடித்துக்கொள்வது

வேண்டாம். ஆற்றல் மட்டுமே நிலையானது. ஃபோட்டான்கள் பெட்டியின் சுவரில் மறையும், பிறக்கும்.

போஸ் எண்ணிய விதத்தை நாணயத்தை வைத்து நிரூபிப்பது

'ஒரே மாதிரி இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டும் தலை விழ வாய்ப்பு மூன்றில் ஒன்று' என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சுண்டிப் பாருங்கள் என்றேன். எத்தனை முறை சுண்டினாலும் கால் பங்கையே சுற்றி வந்தது. நாணயம் போசான் இல்லை.

'போஸ் தவறிப்போய்க் கண்டுபிடித்தார்' என்பது

வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டார், அதிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. கட்டுரையைப் படித்தால் வேறு ஒன்று தெரியும். பிளாங்க் விதியின் ஒரு காரணியை அதுவரை பழைய மின்காந்தவியலிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடன்தான் போஸுக்கு உறுத்தியது. தான் செய்தது அவ்வளவு புதியது என்று அப்போது தெரியாது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். துகள்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதை வெளிப்படையாக எடுத்துச் சொன்னது 1925-இல் ஐன்ஸ்டைன். அணுக்கள் ஒரே நிலையில் போய்க் குவியும் என்று சொன்னதும் அவரே. 1995-இல் ரூபிடியம் அணுக்களில் அதைப் பார்த்தார்கள்.

ஹிக்ஸ் துகளைப் போஸ் கண்டுபிடித்தார் என்பது

இல்லை. அவர் பெயரிலிருந்து வந்த 'போசான்' என்பது அந்தத் துகள் சேர்ந்த வகைக்குப் பெயர். வைத்தவர் இயற்பியலாளர் டிராக்.