டென்மார்க்கில் குடியேறுவோருக்கு: ரேடியேட்டரின் அடிப்பகுதி ஏன் குளிர்ந்திருக்கிறது?

டென்மார்க்கில் வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேற்பகுதி சுடுவதையும் அடிப்பகுதி குளிர்ந்து கிடப்பதையும் கண்டு, அது பழுதாகிவிட்டதென்று முதல் வாரத்திலேயே வீட்டு உரிமையாளரை அழைப்பதுண்டு. அது பழுதன்று, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 'ஃபியர்ன்வார்மெ' எனப்படும் தொலைவெப்பக் குழாய்களில் வரும் வெந்நீரால் சூடேறுகின்றன. மின்சாரம் மட்டும் எடுக்கும் வழக்கமான அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிவிடும். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979-இல் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றி, அந்த வெப்பத்தை வீடுகளுக்குக் கொண்டுவரும் வழியை விரிவாக்கியது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தெடுக்கும் நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் 80 முதல் 90 விழுக்காடு வரை பயனாக்கக்கூடியவை. கோபன்ஹேகனின் அமாகர் பக்கெ நிலையம் குப்பையை எரித்தே இரண்டையும் தருகிறது. (அதன் கூரைச் சரிவில் 2019 முதல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள் என்று ஊருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.) ஆனால் குழாய் இருந்தால் மட்டும் காற்று தூய்மையாகிவிடாது, போலந்திலும் தொலைவெப்பம் பரவலாக உண்டு, எரிப்பதோ பெரும்பாலும் நிலக்கரி.

நோர்வேயிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் சொல்லும் மின் ஹீட்டர் யோசனையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க வேண்டாம். நோர்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்தும் பிரான்சின் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணுவுலையிலிருந்தும் வருவதால், அங்கே மின் ஹீட்டரால் வீட்டைச் சூடாக்குவது சாதாரணம். இங்கே தொலைவெப்பம் உள்ள வீட்டில் மின் ஹீட்டர் வாங்கி வைப்பது, என் பார்வையில், பணத்துக்குக் கேடு.

ரேடியேட்டரின் அடிப்பகுதி குளிர்ந்திருப்பதன் காரணம் இதுதான்: வீட்டுக்கு வந்த நீர் தன் சூட்டை இறக்கிவிட்டுக் குளிர்ந்து திரும்பினால்தான் வழியில் இழப்பு குறையும். நிலையமும் அதே எரிபொருளில் கூடுதல் பயன் பெறும். அதனால் நீர் சூடாகவே திரும்பினால் கூடுதல் கட்டணம் விதிக்கும் வழங்குநர்கள் பலர் உள்ளனர். ஓர் அறையில் இரண்டு ரேடியேட்டர்கள் இருந்தால், ஒன்றை முழுதாகத் திறந்து மற்றொன்றை மூடிவிடாமல், இரண்டின் வால்வையும் ஒரே எண்ணில் வைக்கவும். அவற்றின்மேல் ஈரத் துணியைக் காயப்போடுவதும் முன்னால் சோபாவை ஒட்டிப் போடுவதும் சூட்டை அறைக்குள் வரவிடாமல் தடுக்கும். குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை, வால்வை மூடிவிட்டு, ஜன்னலை ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து வையுங்கள்.

வெப்பத்துக்கு மாதந்தோறும் கட்டுவது முன்பணமே. உண்மையான கணக்கு ஆண்டுக்கொரு முறை முடிக்கப்படும். ஆகவே சாவி கைக்கு வரும் நாளிலேயே மீட்டர் அளவைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.