வீட்டுத் தோட்டத்தில் முதல் பழமரம்: குழியிலிருந்து கவாத்து வரை

கன்று வாங்கக் கிளம்பும் முன் ஒரு நாள் தோட்டத்து வெயிலைக் கவனியுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை எட்டிப் பார்த்தால் போதும். 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் மரம் வளரும், காய்ப்பதுதான் சந்தேகம். சின்ன இடம் என்றால் கொய்யா, எலுமிச்சை, மாதுளை. மா வைக்க ஆசையா? ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிவிட, அதாவது கவாத்து செய்ய, சோம்பல் படாதவர்கள் வைக்கலாம்.

படி 1: கன்று

முதல் மரத்துக்கு ஒட்டுக்கன்றே என் யோசனை. வேரோடு நிற்கும் ஒரு அடிச்செடியின் தண்டில் நல்ல மரத்தின் கிளையை ஒட்டி வளர்த்த கன்று அது. கொட்டையிலிருந்து முளைத்த மா பல ஆண்டுகள் காக்க வைக்கும், தாய்மரத்தின் ருசி வரும் என்ற உறுதியும் கிடையாது. ஒட்டு மா 3, 4 ஆண்டுகளில் காய்க்கும். ஆள் உயரக் கன்றை விட்டுவிட்டு, தண்டு பருத்த குட்டைக் கன்றாக எடுங்கள். பைக்குள்ளேயே காயோடு நிற்கும் கன்றைப் பார்த்தால் கை தானாகப் போகும். ஆனால் அது நெடுநாள் பையிலேயே கிடந்து, வேர் சுருண்டுபோனதாக இருக்கலாம்.

படி 2: குழி

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். குழியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் பாருங்கள். அப்படியே தேங்கி நின்றால் அங்கே குழி வேண்டாம். ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடலாம். வேர் அழுகிச் சாகும் கன்றுகள்தான் அதிகம்.

தண்ணீர் வடிந்துவிட்டதா? சரி, மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, நீர் விட்டு, ஒரு வாரம் விடுங்கள். மண் கீழே இறங்கும். அது இறங்கும் முன் நட்டால் கன்றும் கூடவே இறங்கி, ஒட்டுப் பகுதி புதைந்துவிடும்.

படி 3: நடுதல்

மாலையில் நடுங்கள். பையைக் கிழித்து எடுங்கள். வேரும் மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டு உடையக் கூடாது. சுற்றியிருக்கும் வேர்களை மட்டும் விரலால் பிரித்துவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். தண்டில் புடைத்துத் தெரியும் ஒட்டு, மண்ணுக்கு மேலே வெயில் படும்படி இருக்க வேண்டும்.

இதில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். என் முதல் எலுமிச்சையில் அடியிலிருந்து இரண்டு கிளைகள் முள்ளும் முறுக்குமாகக் கிளம்பின. என்ன வேகம் என்று பூரித்துப்போனேன். அவை ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்த அடிச்செடியின் தளிர்கள். சாரமெல்லாம் அங்கே போக, மேலே இருந்த நல்ல எலுமிச்சை காய்ந்தே போனது. ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அன்றைக்கே கிள்ளிவிடுங்கள்.

படி 4: தண்ணீர், மூடாக்கு

தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊற்றுங்கள். அப்புறம் விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரமில்லை என்றால் மட்டும் ஆழமாக. தண்ணீர் நிற்கும் வட்டப்பாத்தியை, மரம் விரிய விரிய வெளியே தள்ளிப் போடுங்கள். நீர் உறிஞ்சும் இளவேர்கள் தண்டருகே அதிகம் இருப்பதில்லை. காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பும்போது தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். மாதுளைக்குக் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும்.

படி 5: பூவும் கவாத்தும்

ஒட்டு மா முதல் ஆண்டிலேயே பூக்கக்கூடும். மனசு கேட்காதுதான், இருந்தாலும் முதல் 2 ஆண்டுப் பூக்களை உதிர்த்துவிடுங்கள். கன்று வேர்பிடித்துக் கிளைக்கட்டும். கொய்யா புதுத் தளிரில்தான் காய்க்கும், அதனால் காய்ப்பு முடிந்ததும் கிளை நுனிகளைத் தைரியமாக வெட்டலாம். மாவில் அந்தத் தைரியம் ஆகாது. அது முற்றிய கிளை நுனியில் பூப்பது. அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் சரி, பூக்கும் பருவத்தை ஒட்டி வெட்டினால் அந்த ஆண்டுக்கு வெறும் இலைதான்.